ஒரு லீற்றருக்கு எத்தினை கடல்மைல்? எங்கட கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் சமாசங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் தலைவர்மார், செயலாளர்மார், பொருளாளர்மார் எல்லாருக்கும்,

நான் யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கம் அவுட்போட் எஞ்சின், அதுதான் போட்டின்ர பின்பக்கம் கொழுவுற எஞ்சின், திருத்திறவன். சங்கத்தில பதவி ஒண்டும் இல்லை, கூட்டம் எண்டு வந்தாலும் கடைசி வாங்கில இருந்திட்டுப் போற ஆள்தான். ஆனால் பாசையூர், நாவாந்துறை எஞ்சினும் என்னட்ட வருது, ஊர்காவற்றுறை, அனலைதீவு எஞ்சினும் வருது, சிலநேரம் மயிலிட்டி, வல்வெட்டித்துறையில இருந்தும் ஏத்திக்கொண்டு வருவினம். வாற ஆக்கள் முதல் சொல்லுறது ஒண்டுதான், "அண்ணை, இது எண்ணெய் குடிக்குது, என்னெண்டு பாருங்கோ." எவ்வளவு குடிக்குது எண்டு நான் திருப்பிக் கேட்டால் அதுக்குப் பதில் இல்லை. "நேற்று ஒரு கான் எண்ணெய் முடிஞ்சுது" எண்டுவினம். கான் முடிஞ்சது சரி, எவ்வளவு தூரம் ஓடி முடிஞ்சுது, வலை ஏத்தியோ வெறும் போட்டோ, காத்து எந்தப் பக்கத்தால, ஒண்டும் தெரியாது.

அதைத்தான் உங்களிட்டக் கேக்க வந்தன். சங்கங்கள் சேர்ந்து எங்கட போட்டுகளை எங்கட கடலில எங்கட பாரத்தோட ஓட்டி, ஒரு லீற்றருக்கு எத்தினை கடல்மைல் போகுது எண்டு அளந்து, ஒவ்வொரு இறங்குதுறையிலயும் பலகையில எழுதிப் போடவேணும். கோரிக்கை இவ்வளவுதான். ஏன் எண்டு சொல்லக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

2022 ஓகஸ்ட் 22ஐ ஒருத்தரும் மறந்திருக்க மாட்டியள், எங்கட எஞ்சினுகளுக்கு அடிக்கிற மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரே இரவில 340க்குப் போனது. 20 லீற்றர் அடிக்கிற போட்டுக்கு 1,740 ரூபாய் செலவு விடிய 6,800 ஆச்சு. அதுக்கு முதல் யூன் மாசம் எண்ணெயே இல்லாமல் கிடக்கேக்க இந்தியா 15,000 லீற்றர் மண்ணெண்ணெய் தந்தது, நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு தொழிலாளர் 700 பேருக்கு எண்டு, பிரிச்சுப் பார்த்தால் ஆளுக்கு 21 லீற்றர், அந்த நேரத்தில அது பெரிய உதவிதான், ஆனால் ஒண்டு ரெண்டு தரம் கடலுக்குப் போனால் முடிஞ்சுது. பிறகு 2024 ஒக்டோபர் தொடக்கம் லீற்றருக்கு 25 ரூபாய் மானியம், மண்ணெண்ணெய் போட்டுக்கு நாளுக்கு 15 லீற்றர், மாசம் 25 நாள் எண்டு கணக்குப் போட்டு அறிவிச்சவை. ஒரு நாளைக்கு 375 ரூபாய். 2025 யூலையில மண்ணெண்ணெய் 185 வித்தது, அந்த விலைக்கு 375 எண்டுறது ரெண்டு லீற்றர் அளவுதான்.

மானியம் வேண்டாம் எண்டு சொல்ல நான் வரேல்லை, அப்பிடிச் சொன்னால் நாளைக்கு என்ர கடைக்கு ஒரு எஞ்சினும் வராது. நான் சொல்லுறது, பிழையான புறப்பெல்லரோட (தண்ணியைத் தள்ளுற சுழலி) ஓடுற போட் அந்த ரெண்டு லீற்றரையும் போற வழியிலயே திண்டிடும். இன்னொண்டு, களப்புக்குள்ள 8 குதிரைவலுவோட நண்டு வலை போடுறவனுக்கும் வடகரையில 25ஐப் பூட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போறவனுக்கும் ஒரே 15 லீற்றர் எண்டு வச்சது எந்தக் கணக்கு? இதை நீங்கள் கொழும்புக்குப் போய்க் கதைக்கிறதெண்டால் கையில ஒரு தாள் வேணும். "எங்கட ஆக்களுக்குக் காணாது ஐயா" எண்டு சொல்லுறதுக்கும், "இந்தக் கரையில இந்தப் போட் இந்தத் தூரம் போய் வர இவ்வளவு லீற்றர் வேணும், நாங்கள் அளந்து பார்த்தது" எண்டு சொல்லுறதுக்கும் வித்தியாசம் இருக்குத்தானே.

கொம்பனிக்காரன் தாற புத்தகத்தில ஒரு கணக்கு இருக்கும், அது மணித்தியாலத்துக்கு எவ்வளவு எரியும் எண்டு. காபரேற்றர் வச்ச டூ ஸ்ரோக் (two-stroke) எஞ்சினுக்கு நாங்கள் மனசில வச்சிருக்கிற கணக்கு, முழு முறுக்கில 10 குதிரைவலுவுக்கு மணிக்கு 4 லீற்றர் அளவு. அப்ப 15 குதிரைவலு எஞ்சினுக்கு 6 லீற்றர். இது பெரிசாய் மாறாது, கைபிடியை முழுக்க முறுக்கிப் பிடிச்சால் போட் ஓடினாலும் ஓடாட்டிலும் 6 லீற்றர் எரியத்தான் போகுது. மாறுறது தூரம். 18 அடி பைபர் போட், ரெண்டு பேர், வலை இல்லை, கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்குது எண்டால் மணிக்கு 15 கடல்மைல் ஓடும், லீற்றருக்கு ரெண்டரை மைல். அதே போட், நனைஞ்ச வலை, ஐஸ்பெட்டி, மூண்டு பேர், எதிர்க்காத்து, தண்ணிக்கு மேல ஏறமாட்டாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு மணிக்கு 8 மைலில நிண்டு முக்குது, லீற்றருக்கு ஒண்டேகால் ஒண்டரை மைல்தான். 12 மைல் வெளியால போய்த் திரும்புறதுக்கு முதலாவது கணக்கில 10 லீற்றர் கூட வேண்டாம், ரெண்டாவதில 18. புத்தகத்தில ரெண்டும் ஒரே எஞ்சின்தான்.

அந்த 8 மைலைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேணும், ஏனெண்டால் எண்ணெய் போற இடமே அதுதான். எந்தப் போட்டுக்கும் தண்ணியைத் தள்ளிக்கொண்டு லேசாய் ஓடுற ஒரு வேகம் இருக்கு, அது போட்டின்ர நீளத்தைப் பொறுத்தது. தண்ணியில படுற நீளத்தை அடியில எடுத்து அதுக்கு வர்க்கமூலம் கண்டு 1.34 ஆல பெருக்கினால் அந்த வேகம் வரும். 16 அடி எண்டால் ஐந்தரைக்குக் கிட்ட. அதுக்கு மேல போகப் பார்த்தால் போட் தான் எழுப்பின அலையிலயே ஏறத் தொடங்கும், பின்பக்கம் தாழும், முன்பக்கம் வானத்தைப் பார்க்கும், பின்னால ஒரு பெரிய குழி விழும். பாரம் குறைஞ்ச போட் அந்த மேட்டைத் தாண்டி மேல ஏறி ஓடிடும், ஏறினால் பிறகு பிரச்சினை இல்லை. பாரம் கூடின போட் தாண்டாது. தாண்டாத போட்டை முழு முறுக்கில வச்சிருந்தால் கூட வாறது சத்தமும் புகையும்தான்.

அந்த 8ஐ 6 ஆக்கினால் என்ன நடக்கும்? ஒரு மைலுக்கு வேண்டிய தள்ளு கிட்டத்தட்ட வேகத்தின்ர வர்க்கத்தோட குறையும், பாதிக்குக் கிட்டக் குறையும் எண்டு கணக்குச் சொல்லுது, டூ ஸ்ரோக் எஞ்சின் அரை முறுக்கில கொஞ்சம் கூடக் குடிக்கும் எண்டு விட்டாலும் மூண்டில ஒண்டாவது மிஞ்சவேணும். 12 மைல் போறதில 9 லீற்றருக்குப் பதிலாய் 6. நேரம் எவ்வளவு கூட? அரை மணித்தியாலம். அந்த 3 லீற்றர் ஒரு நாள் மானியத்தை விடக் கூட, அதுவும் போறவழிக்கு மட்டும். ஆனால் இது கணக்கு, கடலில அளந்தது இல்லை, அளந்தால்தான் ஆக்கள் நம்புவினம், நானும் நம்புவன்.

"அவன் ஏன் முறுக்கிறான், விசரனோ?" எண்டு கேக்கவேண்டாம். விடிய ஏலத்துக்கு முதல் வாற மீனுக்குத்தான் விலை, பிந்தினவன்ர மீனை ஏலம் கூறுறவர் கண்ணாலயும் பார்க்கமாட்டார். ஐஸ் காணாது. வானம் கறுத்தால் ஓடத்தான் வேணும். திரும்பி வரேக்க வேகத்துக்கு நியாயம் இருக்கு. நான் கேக்கிறது பின்னேரம் போற ஓட்டத்தை. வலை போடுறது இருட்டினாப் பிறகுதான், அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டால் என்ன குறையப்போகுது, தேத்தண்ணிக் கடையில இருக்கிற நேரம்தானே அது.

களப்பு ஆக்களுக்கு இது வேற கதை. யாழ்ப்பாணக் களப்பு கன இடத்தில ஒண்டு ரெண்டு மீற்றர்தான் ஆழம். ஆழம் குறைஞ்ச தண்ணியில அலை இவ்வளவு வேகத்துக்கு மேல ஓடேலாது எண்டு ஒரு எல்லை இருக்கு, ஒரு மீற்றர் தண்ணியில மணிக்கு 6 கடல்மைல் அளவு, ரெண்டு மீற்றரில எட்டரை. போட் அந்த எல்லைக்குக் கிட்டப் போகேக்க அலை முழுக்கப் போட்டோடயே இழுபடும், போட் அடிநிலத்துக்குத் தாழும், எஞ்சின் முக்கும். பாசையூரில இருந்து வாய்க்காலால வெளிக்கிட்டு வாற ஆக்கள் "இந்த இடத்தில மட்டும் போட் பாரமாய் இருக்கு" எண்டு சொல்லுறது சும்மா இல்லை. அந்த இடத்தில 4, 5 மைலுக்கு இறக்கினால் எண்ணெயும் மிச்சம், பக்கத்தில களங்கண்டி (கம்பு நட்டுக் கட்டுற வலை) போட்டிருக்கிறவன்ர கம்பும் மிச்சம், பேச்சு வாங்கவும் தேவையில்லை. சாதாழை எண்டுற கடல்புல் வேற. புறப்பெல்லரில சுத்தினால் உடன தெரியும், தண்ணி இழுக்கிற துவாரத்தில அடைஞ்சால் எஞ்சின் சூடாகினாப் பிறகுதான் தெரியும்.

வடகரைக்குக் காத்துத்தான் கணக்கு. சோளகத்துக்கு (தென்மேற்குக் காத்து) போகேக்க காத்து முதுகில, எல்லாருக்கும் சந்தோசம், வரேக்க மீனும் நனைஞ்ச வலையும் ஏத்தின போட்டுக்கு முகத்தில. வாடைக்கு (வடகிழக்குக் காத்து) அது மாறி. அப்ப போறதுக்கு எரிஞ்ச எண்ணெயை ரெண்டால பெருக்கித் திரும்பி வாறதுக்கும் சேர்த்துக் கொண்டுபோனால் சோளகத்தில நடுக்கடலில நிக்கவேண்டி வரும். வருசத்துக்கு ஒரே ஒரு இலக்கம் போட்டால் அது ஒருத்தருக்கும் உதவாது, காத்துக்கு ஒரு இலக்கம் வேணும். தாளையடி, மருதங்கேணிப் பக்கம் திறந்த கரை, அலையை உடைச்சு வெளிக்கிடவே ஒரு அளவு போகும், அதையும் தனியாய்த்தான் பார்க்கவேணும்.

இழுவைமடி (ட்ரோலர் இழுத்துக்கொண்டு போற மடி வலை) வாற இரவுகளை எந்தப் புத்தகத்திலயும் போடமாட்டாங்கள். வலையை விட்டிட்டு நித்திரை கொள்ளேலாது, எஞ்சினை ஸ்ராட்டில வச்சுக்கொண்டு காவல் நிக்கவேணும், ட்ரோலர் வெளிச்சம் கிட்ட வந்தால் ஓடவேணும், வலையை அரைகுறையாய் இழுத்துக்கொண்டு இடம் மாறவேணும். 2017இல சட்டம் திருத்தி இழுவைமடியை இஞ்ச தடை செய்தாச்சு, இந்தியாவில இருந்து வாற ட்ரோலர் வந்துகொண்டுதான் இருக்கு. அந்த இரவுகளில சும்மா நிண்டு எரிஞ்ச லீற்றரை ஒரு கொப்பியில எழுதிக்கொண்டு வந்தால், அறுந்த வலைக்கு மட்டும் இல்லை, அதுக்கும் கணக்குக் கேக்கலாம். ஒருத்தரும் எழுதுறேல்லை.

இனி புறப்பெல்லர். இதைப் பற்றி நான் ஒரு நாள் முழுக்கக் கதைப்பன், வீட்டில கேட்டுப் பாருங்கோ. புறப்பெல்லரில அடிச்சிருக்கிற ரெண்டு இலக்கத்தில பின்னால இருக்கிறது பிட்ச், ஒரு சுத்துக்கு எத்தினை அங்குலம் முன்னால தள்ளவேணும் எண்ட கணக்கு. எஞ்சின் கைநூலில முழு முறுக்கில இத்தினையில இருந்து இத்தினை சுத்து வரவேணும் எண்டு போட்டிருக்கும், கன எஞ்சினுக்கு 4,500 தொடக்கம் 5,500. எங்கட போட்டுகளை வலை ஏத்தி, ஆள் ஏத்தி, ரக்கோமீற்றர் (நிமிசத்துக்கு எத்தினை சுத்து எண்டு காட்டுற மீற்றர்) வச்சுப் பார்த்தால் 4,000ஐயும் தொடாமல் நிக்கிறது கன இருக்கு. எஞ்சினோட பெட்டிக்குள்ள வந்த புறப்பெல்லர் பாரம் குறைஞ்ச போட்டுக்கு வந்தது. அதோட பாரம் ஏத்தி ஓடுறது மேட்டில சைக்கிளைப் பெரிய கியரில மிதிக்கிற கதைதான், கால் நோகும், சைக்கிள் போகாது. கரி பிடிக்கும், பிளக் போகும், பிஸ்ரன் சூடாகும், ஆக்கள் "எஞ்சின் பழசாப் போச்சு, பெரிசொண்டு எடுக்கவேணும்" எண்டு முடிவெடுப்பினம். ஒரு அங்குலம் பிட்ச் குறைச்சால் 200 சுத்து அளவு கூடும். 25 குதிரைவலுவுக்குப் போக நினைச்ச ஆள் ரெண்டு அங்குலம் குறைஞ்ச புறப்பெல்லரோட 15லயே நிண்டிருக்கலாம்.

ஆனால் போட்டுப் பார்க்காமல் எது சரி எண்டு தெரியாது, போட்டுப் பார்க்க நாலு புறப்பெல்லர் காசு குடுத்து வாங்க ஒரு தொழிலாளிக்கு ஏலாது. அதுதான் சங்கத்தின்ர வேலை எண்டு நான் சொல்லுறன். ஒவ்வொரு சமாசமும் பொதுவாய் ஓடுற எஞ்சினுகளுக்கு மூண்டு நாலு பிட்ச்சில புறப்பெல்லர் வாங்கி வச்சு ஒரு நாளைக்கு இரவல் குடுக்கட்டும், பொருந்தினால் அவர் தனக்கு வாங்கட்டும். விளையாட்டு விழாவுக்குப் போடுற பந்தல் காசு காணும்.

வடகரையில முருகைக்கல்லில பட்டு ஓரம் மடிஞ்ச புறப்பெல்லரைச் சுத்தியலால தட்டிப்போட்டு ஓடுற ஆக்களும் இருக்கினம், அதைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் எனக்குக் கோவம் வரும், விடுவம். எஞ்சினைக் கொழுவுற உயரமும் அப்பிடித்தான், புறப்பெல்லருக்கு மேல இருக்கிற தட்டு போட்டின்ர அடியோட சமமாய் நிக்கவேணும், கீழ போனால் அது தண்ணியில இழுபடும், மேல போனால் புறப்பெல்லர் காத்தை வெட்டும். அடியில பாசியும் சிப்பியும் பிடிச்சிருந்தால் சுரண்டுங்கோ. தளத்துக்குக் கீழ ஊறிக் கிடக்கிற தண்ணியை இறையுங்கோ, ஒரு வாளி தண்ணி பத்துக் கிலோ. பெற்றோலில ஸ்ராட் பண்ணிச் சூடாகின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துங்கோ, நிப்பாட்ட முதல் திருப்பிப் பெற்றோலுக்கு மாத்துங்கோ. இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

கூட்டங்களில இப்ப அடிக்கடி வாற கேள்வி, போர் ஸ்ரோக் (four-stroke) எஞ்சின் எடுத்தால் நல்லமோ எண்டு. ஒரு விற்பனைக்காரர் ஒரு சங்கத்தில வந்து "பாதி எண்ணெய்" எண்டு சொல்லிப்போட்டுப் போனவராம். போர் ஸ்ரோக் குறைய எரிக்கும், அதில சந்தேகமில்லை, மெதுவாய் ஓடேக்க இன்னும் நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் அது பொதுவாய்ப் பெற்றோலிலதான் ஓடும். 2025 யூலை விலையில பெற்றோல் 305, மண்ணெண்ணெய் 185. அப்ப போர் ஸ்ரோக் 39 வீதம் குறைய எரிச்சால்தான் செலவு சரிக்குச் சமனாகும், அதுக்கு மேல மிஞ்சினால்தான் லாபம், எஞ்சின் விலை வேற கூட, பாரம் வேற கூட. 2022 ஓகஸ்ட் கடைசியில பார்த்தால் பெற்றோல் 450, மண்ணெண்ணெய் 340, அந்த நேரம் 24 வீதம் குறைஞ்சாலே காணும். விலை மாற மாற விடை மாறுது. அதாலதான் பலகையில ரூபாயில எழுதவேண்டாம், லீற்றரில எழுதுங்கோ எண்டு சொல்லுறன், லீற்றர் தெரிஞ்சால் அண்டண்டு விலையால பெருக்கிறது பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்யும். எண்டாலும் களப்புக்குள்ள மெதுவாய் ஓடுற சின்னப் போட்டுக்குப் போர் ஸ்ரோக் வெல்லும் எண்டு எனக்கு ஒரு எண்ணம், பாரம் ஏத்தி வடகரையில முறுக்கிறவனுக்கு வெல்லாது. அளந்தால் நான் சொல்லுறது சரியோ பிழையோ எண்டு தெரியும்.

எப்பிடி அளக்கிறது? பெரிய வேலை இல்லை. பெரிய ராங்கைக் கழட்டிப்போட்டு அடையாளம் கீறின ரெண்டு லீற்றர் பிளாஸ்ரிக் கானில இருந்து எஞ்சினுக்குக் குழாயைக் குடுங்கோ. எஞ்சினைச் சூடாக்கி, ஒரே நேர்கோட்டில ஒரு மைல் போய் அதே கோட்டில ஒரு மைல் திரும்பி வாங்கோ, காத்தும் நீரோட்டமும் ஓரளவுக்கு வெட்டுப்படும். போறதையும் வாறதையும் தனித்தனியாயும் எழுதுங்கோ, காத்துக்கு எதிராய் எவ்வளவு எண்டு அதில தெரியும். தூரத்துக்குக் கைத்தொலைபேசி ஜி.பி.எஸ். காணும். வெறும் போட்டோட ஒருக்கா, வலை, ஐஸ், ஆள் பாரத்தோட ஒருக்கா, முழு முறுக்கு, முக்கால், அரை எண்டு மூண்டு விதமாய். எழுதேக்க போட்டின்ர நீளம், எஞ்சின், புறப்பெல்லர் இலக்கம், பாரம், காத்து எல்லாம் சேர்த்து எழுதவேணும், இல்லாட்டி அந்த இலக்கம் அடுத்த துறைக்கு உதவாது. பங்குனி சித்திரையில கடல் அடங்கிக் கிடக்கேக்க ஒருக்கா, சோளகம் பிடிச்சாப் பிறகு ஒருக்கா, வாடைக்கு ஒருக்கா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில கடற்றொழில் படிக்கிற பிள்ளையள் இருக்கினம், கிளிநொச்சி அறிவியல்நகரில பொறியியல் பீடம் இருக்கு, கேட்டால் கொப்பியோட வருவினம், அவைக்கும் ஒரு செய்முறைப் பாடம். காரைநகரில நோர்வேக்காரர் வந்து சீநோர் படகுத்தளம் போட்ட காலத்தில இருந்து இந்தக் கரையில பைபரும் எஞ்சினும் தெரிஞ்ச ஆக்களுக்குக் குறைவில்லை, அவையையும் கூப்பிடுங்கோ, வயசு போனவை எண்டு விடவேண்டாம்.

இப்ப என்ர பங்குக்கு. ரக்கோமீற்றர் என்னட்ட இருக்கு, தாறன். கடையில கிடக்கிற பழைய புறப்பெல்லருகளில ஓடக்கூடியதைத் துப்புரவாக்கி வைக்கிறன், இரவலுக்கு அதில இருந்து தொடங்கலாம். குருநகரில முதல் ஓட்டத்துக்கு நானே வாறன், கூலி வேண்டாம். களப்புப் பக்கம் ஒரு போட், தீவுப் பக்கம் ஒண்டு, வடகரையில ஒண்டு, வடமராட்சி கிழக்கில ஒண்டு, இந்த நாலையும் எந்தச் சங்கம் தாறது, ஓட்டத்துக்கு வேண்டிய எண்ணெய்க் காசை ஆர் போடுறது எண்டதை மட்டும் அடுத்த சமாசக் கூட்டத்தில நிகழ்ச்சிநிரலில போட்டு முடிவெடுங்கோ. அளக்கிற எண்ணெய் ஒரு போட்டுக்கு ஒரு தடவைக்குப் பத்துப் பதினைஞ்சு லீற்றருக்கு மேல போகாது. பங்குனிக்கு முதல் பதில் வந்தால் இந்த வருசமே தொடங்கலாம்.

இப்பிடிக்கு,
குருநகரில எஞ்சின் திருத்திற ஒருத்தன்